பன்னிரண்டு மணிக்குக் கடை மூடிய ரேடியோ

1950-ஆம் வருஷம், பிரிட்டனில் ஏதோ ஒரு வேலைநாள். சாயங்காலம் 6.45. வீட்டுக்கு வீடு ரேடியோவில் தலைதெறிக்க ஓடுகிற மாதிரி ஒரு ஆர்கெஸ்ட்ரா மியூசிக் ஆரம்பிக்கும். டிக் பார்ட்டன் என்ற ஸ்பெஷல் ஏஜெண்ட் யாரையாவது துரத்துவார், இல்லையென்றால் யாரிடமாவது மாட்டிக்கொள்வார். சரியாக 15 நிமிஷம். 7 மணிக்கு ஆள் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத இடத்தில் கதை நிற்கும். மீதி நாளைக்கு, அதே 6.45-க்கு. உச்சத்தில் இருந்தபோது இந்த நாடகத்தைக் கேட்டவர்கள் ஒன்றரைக் கோடி பேர். அன்றைய பிரிட்டனின் மொத்த ஜனத்தொகையே சுமார் 5 கோடிதான்.

அந்தக் காலத்து பிபிசி ரேடியோவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் கொஞ்சம் கண் கலங்கிப் போய் எழுதுவார்கள். குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து கேட்டது, நெருப்புப் பக்கத்தில் பாட்டி ஸ்வெட்டர் பின்னியது, இத்யாதி. எனக்கு அந்தப் பாசம் எதுவும் கிடையாது. அந்த ரேடியோவில் இருந்த பல விஷயங்கள் இன்றைக்கு வந்தால் நானே மீம் போட்டுக் கலாய்ப்பேன். ஆனால் ஒரே ஒரு விஷயத்தைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. அது முடிந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சியும் முடிந்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மொத்தக் கடையுமே மூடப்பட்டது.

முதலில் செட்டப் என்னவென்று பார்ப்போம். போர் முடிந்த கையோடு, 1945 ஜூலை 29-ல் பிபிசி 'லைட் ப்ரோக்ராம்' என்று ஒரு சேனலை ஆரம்பித்தது. பெயரிலேயே தெரிகிறது, லேசான சமாச்சாரம்: பாட்டு, காமெடி, தொடர் நாடகம். இதற்குப் பக்கத்தில் 'ஹோம் சர்வீஸ்' ஏற்கெனவே இருந்தது. 1946-ல் 'தேர்ட் ப்ரோக்ராம்' வந்தது. அது சீரியஸ் ஆட்களுக்கு. அவ்வளவுதான், மூன்றே மூன்று. ரேடியோ வைத்திருக்க வருஷத்துக்கு ஒரு பவுண்டு லைசென்ஸ் கட்ட வேண்டும். விளம்பரம் கிடையாது.

இசிஇ மக்களுக்காக ஒரு சின்ன இடைச்செருகல். லைட் ப்ரோக்ராம் வந்தது லாங் வேவில், 200 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் போட்டுப் பாருங்கள், ரவுண்டாக 1500 மீட்டர் வரும். இவ்வளவு பெரிய அலை தரையை ஒட்டியே வெகுதூரம் போகும். அதனால் ட்ராய்ட்விச் என்ற ஒரே ஊரில் நட்ட டிரான்ஸ்மிட்டர் நாட்டின் பெரும்பகுதியை எட்டிவிட்டது. நமக்கு இன்டர்னல்ஸில் 2 மார்க் கேள்வியாக வரும் கிரவுண்ட் வேவ் தான் அங்கே ஒரு நாட்டையே ஒரே நேரத்தில் ஒரே ஜோக்குக்குச் சிரிக்க வைத்தது.

இப்போது நாளுக்குள் போகலாம். காலை 9 மணிக்கு மேல் 'ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ்'. புருஷன் வேலைக்கும் பிள்ளைகள் ஸ்கூலுக்கும் போனபிறகு வீட்டில் இருக்கிற பெண்கள் போஸ்ட்கார்டில் கேட்ட பாட்டுகளைப் போடுவார்கள். போட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மதியம் 2 மணிக்கு 'வுமன்ஸ் ஹவர்' என்று பெண்களுக்காகவே ஒரு நிகழ்ச்சி 1946-ல் தொடங்கியது. அதன் முதல் தொகுப்பாளரும் ஆலன் ஐவிமி என்ற ஆண்தான். நான் ஏன் கண் கலங்க மாட்டேன் என்பதற்கு இது முதல் சாம்பிள். யார் எந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்று லண்டனில் ஒரு ஆபீஸ் முடிவு பண்ணி டைம்டேபிள் போட்டிருக்கிறது: இந்த மணிக்கு நீ பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாய், அதற்கு இந்தப் பாட்டு.

10.30-க்கு வருவது தான் எனக்கு மிகவும் பிடித்த ஐட்டம். 'மியூசிக் வைல் யூ வொர்க்'. 1940 ஜூனில், போர் மோசமாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், ஃபேக்டரி ஆட்கள் களைத்துப்போகாமல் வேலை பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஆரம்பித்தது. அரை மணி நேரம், நடுவில் யாரும் பேசாமல், நிற்காத இசை. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. ஒர்க்ஷாப் முழுக்க ஸ்பீக்கர் கட்டி ஒலிக்க விடுவார்கள். இதற்கு ரூல்ஸ் இருந்தது. சத்தம் ஏறி இறங்கக் கூடாது, ஏனென்றால் இறங்கினால் மெஷின் இரைச்சலில் காணாமல் போய்விடும். மெதுவான பாட்டு வேண்டாம், தூக்கம் வரும். வரிகள் கவனத்தை இழுக்கும், அதனால் பாடகர்கள் வேண்டாம். தெரிந்த மெட்டாக இருக்க வேண்டும். 'டீப் இன் தி ஹார்ட் ஆஃப் டெக்ஸஸ்' என்ற பாட்டுக்கு ஸ்ட்ரெயிட்டாகத் தடை. அதில் நடுவில் கைதட்டுகிற இடம் வரும். கை தட்டுவதற்குப் பதில் தொழிலாளர்கள் ஸ்பேனரால் மெஷின் மேலேயே தட்ட ஆரம்பித்துவிட்டார்களாம்.

செமஸ்டர் நேரத்தில் நம்ம ஹாஸ்டலில் பாதிப் பேர் காதில் ஓடுகிற லோ-ஃபை பிளேலிஸ்டை நினைத்துப் பாருங்கள். சத்தம் ஒரே சீர். பாடல் வரி இல்லை. எங்கேயோ கேட்ட மாதிரி மெட்டு. அப்படியே அந்த ஃபேக்டரி ரூல்புக்! 80 வருஷம் கழித்து நாம் புதுசாகக் கண்டுபிடித்ததாக நினைக்கிற விஷயம், போர்க்கால பிபிசியில் ஒருத்தர் டைப் அடித்து வைத்த சர்க்குலர்.

வித்தியாசம் ஒன்றுதான். அங்கே அரை மணியில் முடிந்தது. முடிந்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஸ்டுடியோவில் நிஜமாகவே ஒரு பேண்ட் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தது. நினைத்தபடி ரெக்கார்டு போட பிபிசிக்கு அனுமதி கிடையாது. நாள் பூராவும் ரெக்கார்டையே போட்டால் எங்கள் கதி என்ன என்று ரெக்கார்டு கம்பெனிகளும் இசைக்கலைஞர்களின் யூனியனும் சண்டை பிடித்து, 'நீடில் டைம்' என்று ஒரு கோட்டா வைத்திருந்தார்கள். இத்தனை மணி நேரத்துக்கு மேல் இசைத்தட்டில் ஊசி படக்கூடாது. அதனால் மீதி நேரத்துக்கு மனுஷன் வாசிக்க வேண்டும். மனுஷனுக்குக் கை வலிக்கும், டீ குடிக்க வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும். நிகழ்ச்சி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். எந்த மகானும் யோசித்து வைத்த எல்லை இல்லை இது.

'மிஸஸ் டேல்ஸ் டைரி' என்று ஒரு டாக்டரின் மனைவி தினமும் புருஷனைப் பற்றிக் கவலைப்படுகிற சீரியல் உண்டு. 1948-ல் ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் கவலைப்பட்டார். இதைப் பற்றி மேலே சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, நம்ம வீட்டு டிவியில் இதைவிட நல்ல கவலைகள் ஓடுகின்றன. மதியம் 1.45-க்கு சின்னக் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் 'லிசன் வித் மதர்', 5 மணிக்கு ஹோம் சர்வீஸில் 'சில்ட்ரன்ஸ் ஹவர்'. அப்புறம் 6.45, மறுபடி நம்ம பார்ட்டன்.

பார்ட்டனுக்கு பிபிசி ஒரு நடத்தை விதியே எழுதிக் கொடுத்திருந்தது. குடிக்கக் கூடாது. கெட்ட வார்த்தை கூடாது. அடித்தால் தாடையில் நேராக ஒரு குத்து, அதற்கு மேல் கொடூரம் கூடாது. காதல் கத்தரிக்காய் எதுவும் கூடாது. இப்படிப்பட்ட ஒரு ஆளை ஒன்றரைக் கோடி பேர் கேட்டார்கள் என்றால் அந்தக் கதாசிரியர்களுக்குக் கோயில் கட்டலாம். 1951 மார்ச்சில் பார்ட்டனை நிறுத்திவிட்டு அதே 6.45 ஸ்லாட்டில் 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற கிராமத்து நாடகத்தை வைத்தார்கள். விவசாயிகளுக்குப் புது உர முறை, மாட்டு நோய் எல்லாம் கதை வழியாகவே சொல்லிக் கொடுப்பதுதான் ஆரம்பத் திட்டம். உணவு ரேஷன் இன்னும் முடியாத நாடு, விளைச்சலைக் கூட்ட வேண்டிய கட்டாயம். ஏஜெண்டை வேலையை விட்டுத் தூக்கிவிட்டு விவசாயியை அப்பாயிண்ட் பண்ணியிருக்கிறார்கள். அந்த நாடகம் இன்றைக்கும் ஓடுகிறது.

ராத்திரி காமெடி. 1950-ன் சூப்பர் ஹிட் 'எஜுகேட்டிங் ஆர்ச்சி'. ஹீரோ ஒரு மரப்பொம்மை. பீட்டர் ப்ரோ என்ற வென்ட்ரிலோகிஸ்ட், அதாவது உதடு அசையாமல் பொம்மை பேசுவது போலக் காட்டுகிறவர், அதை வைத்துக்கொண்டு பேசுவார். ரேடியோவில்! உதடு அசைகிறதா இல்லையா என்று எவன் பார்த்தான்? பின்னாடி டிவிக்கு வந்தபோது அவர் உதடு நன்றாகவே அசைந்தது என்று ஊரே கிண்டல் பண்ணியது. ஆனால் ரேடியோவில் கேட்டவர்கள் தலைக்குள் அந்தப் பொம்மை ஒரு குறும்புக்காரப் பையனாகவே உயிரோடு இருந்தான்.

'ஹேவ் எ கோ' என்று இன்னொன்று. வில்ஃபிரட் பிக்கிள்ஸ் என்பவர் ஊர் ஊராகப் போய் சமுதாயக் கூடத்தில் சாதாரண ஜனங்களை மைக் முன்னால் நிறுத்தி அவர்கள் கதையைக் கேட்பார், நாலு சுலபமான கேள்வி கேட்டு சில்லறைப் பரிசு கொடுப்பார். உச்சத்தில் 2 கோடி பேர் கேட்டார்கள். இந்த ஆள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. வட இங்கிலாந்துக்காரர், அந்த ஊர்ப் பேச்சு. 1941-ல் பிபிசி அவரை நியூஸ் வாசிக்க வைத்தபோது அந்த உச்சரிப்புக்காகவே எதிர்ப்பு வந்தது. அதுவரை நியூஸ் என்றால் ஒரே ஒரு மேல்தட்டு உச்சரிப்புதான். எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நானே ஒரு லாங்குவேஜ் லேபில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்து, அந்த 'பிபிசி உச்சரிப்பை'த் திருப்பிச் சொல்லி, சாஃப்ட்வேரிடம் நூற்றுக்கு 43 வாங்கியவன். லண்டனிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் பிறந்த ஒரு வெள்ளைக்காரருக்கே அந்த லேபில் பாஸ் மார்க் கிடைத்திருக்காது என்று தெரிந்தபோது வந்த நிம்மதி இருக்கிறதே!

எதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்பதற்கும் ஒரு கையேடு இருந்தது. 1948-ல் காமெடி எழுத்தாளர்களுக்காக பிபிசி போட்டது, பச்சைப் புத்தகம் என்று செல்லப்பெயர். கழிவறை ஜோக் கூடாது, தேனிலவு தம்பதி ஜோக் கூடாது, பெண்களின் உள்ளாடை கூடாது, முயல்களின் குடும்ப வாழ்க்கை பற்றிப் பேசக் கூடாது. நம்ம காலேஜ் கல்ச்சுரல்ஸ் ஸ்கிட்டுக்கு ஸ்டாஃப் கோஆர்டினேட்டர் போடும் கண்டிஷன்களை இது அப்படியே நினைவுபடுத்துகிறது. இந்தக் கண்டிப்புக்கு நடுவில் தான் 1951 மே மாதம் 'தி கூன் ஷோ' வந்தது. ஸ்பைக் மில்லிகன், பீட்டர் செல்லர்ஸ், ஹாரி சீகோம்ப் கூட்டணி. மில்லிகன் பிறந்தது நம்ம அகமத்நகரில், அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தார். கதைக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. சுவர் நடந்து போகும், செத்த ஆள் அடுத்த சீனில் வந்து நிற்பான். கண்ணுக்குத் தெரியாத மீடியத்தில் மட்டுமே செய்யக்கூடிய பைத்தியக்காரத்தனத்தை அவர்கள் சவுண்ட் எஃபெக்டிலேயே செய்தார்கள்.

இங்கே ஒரு சங்கடமான உண்மையையும் சொல்லிவிட வேண்டும். வாரம் ஒரு அரை மணி நேர ஸ்கிரிப்ட், அடுத்தடுத்து எழுதி எழுதி, 1952 கடைசியில் மில்லிகனுக்கு மனநிலை குலைந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. கேட்டவனுக்கு அரை மணியில் முடிந்த நிகழ்ச்சி, எழுதியவனுக்கு முடியவே இல்லை. தினமும் ரீல்ஸ் போட்டே ஆக வேண்டும் என்று ஓடுகிற கிரியேட்டர்களை நினைத்தால் இந்த விஷயத்தில் மட்டும் காலம் மாறவில்லை.

ஆக, அந்த ரேடியோ ஒரு கண்டிப்பான வாத்தியார். அதனால்தான் பசங்க எகிறிக் குதித்து ஓடினார்கள். எங்கே? ரேடியோ லக்ஸம்பர்க்குக்கு. ஐரோப்பாவில் ஒரு குட்டி நாட்டிலிருந்து வரும் கமர்ஷியல் ஸ்டேஷன், விளம்பரமும் பாப் பாட்டுமாக. 1948-லேயே 'டாப் ட்வென்டி' ஆரம்பித்துவிட்டது. 1951-ல் 208 மீட்டருக்கு, அதாவது மீடியம் வேவுக்கு மாறியது. மீடியம் வேவ் தூரதேசத்துக்குப் போக வேண்டுமானால் ராத்திரி அயனமண்டலத்தில் பட்டுத் திரும்ப வேண்டும். அதனால் பாட்டு அலை அலையாக வந்து வந்து மறையும். போர்வைக்குள் அந்த ஃபேடிங்கைப் பொறுத்துக்கொண்டு கேட்டது ஒரு தலைமுறை. நம்ம ஊரிலும் இதே படம் ஓடியது. ஆகாசவாணியை முதலில் கட்டி எழுப்பிய லயனல் ஃபீல்டன் 1935-ல் பிபிசியிலிருந்து வந்தவர்தான். 1952-ல் அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டை ஓரம் கட்டியபோது ஜனங்கள் ரேடியோ சிலோன் பக்கம் போனார்கள். வாத்தியார் பரம்பரை, ஓடிய மாணவர் பரம்பரை, இரண்டுமே நமக்குச் சொந்தம்.

இதையெல்லாம் என் ரூம்மேட்டிடம் சொன்னபோது அவன் கேட்டான்: "மச்சி, மூணு சேனல், அதையும் எவனோ முடிவு பண்றான். இப்ப உலகத்துல இருக்கிறது எல்லாம் உன் கையில. நிறுத்தணும்னா நிறுத்து. கை இல்லையா உனக்கு?"

நியாயமான கேள்வி. கை இருக்கிறது. ஆனால் என் கைக்கு எதிர்ப்பக்கம் இருப்பது சும்மா ஒரு ஸ்கிரீன் கிடையாது. நான் நிறுத்தாமல் இருக்க வேண்டும் என்பதையே வேலையாக வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான இன்ஜினியர்கள் அங்கே இருக்கிறார்கள், நம்மைவிட நல்ல சிஜிபிஏ வாங்கியவர்கள். ராத்திரி ஒன்றரை மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஒரு கட்டை விரலுக்கும் அந்த டீமுக்கும் நடக்கிற மேட்சை 'உன் இஷ்டம்' என்று சொல்வது அநியாயம்.

இந்த இடத்தில் பிபிசியின் ஒரு பழைய வேலையைச் சொல்ல வேண்டும். 1936-ல் ராபர்ட் சில்வி என்பவரைக் கூப்பிட்டு, ஜனங்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஆராய ஒரு பிரிவு தொடங்கினார்கள். அவர் இரண்டு தனித்தனி அளவுகளை வைத்தார். ஒன்று, எத்தனை பேர் கேட்டார்கள். இதற்கு ஆட்களை விட்டு 'நேற்று என்ன கேட்டீர்கள்' என்று தினமும் விசாரித்தார்கள். இரண்டாவது, கேட்டவர்களுக்கு அது எவ்வளவு பிடித்தது. இதற்கு நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மார்க். இரண்டும் ஒன்றல்ல என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கொஞ்சப் பேர் மட்டும் கேட்ட நிகழ்ச்சி, கேட்டவர்களிடம் உயர்ந்த மார்க் வாங்கலாம். கோடிப் பேர் கேட்டது சும்மா பழக்க தோஷமாக இருக்கலாம்.

இன்றைக்கு ஒரு ஆப்பின் டேஷ்போர்டில் பெரிய எழுத்தில் இருப்பது வாட்ச் டைம். ரெண்டு மணி நேரம் ஸ்க்ரோல் பண்ணிவிட்டு 'சே' என்று போனைத் தூக்கிப் போட்டவனும் அந்தக் கிராஃபில் சந்தோஷமான கஸ்டமர்தான். அவனுடைய 'சே'-வைப் பதிவு பண்ண அங்கே காலம் இல்லை. டேட்டாபேஸ் படித்தவர்களுக்குப் புரியும், காலம் இல்லாத விஷயம் அந்த டேபிளைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை.

பிளேஸ்மென்ட் சீசன் ஓடிக்கொண்டிருக்கிறது. நம்மில் சிலர் அடுத்த ஜூலையில் இப்படிப்பட்ட ஒரு கம்பெனியில் உட்கார்ந்து ஆட்டோபிளே பட்டனுக்கு டெஸ்ட் கேஸ் எழுதிக்கொண்டிருப்போம். அதனால்தான் இந்தப் பழங்கதையை இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன். பிபிசிக்காரர்கள் வாத்தியார் புத்தியோடு ஆயிரம் தப்பு பண்ணியிருக்கலாம். ஆனால் 15 நிமிஷத்தில் பார்ட்டனை நிறுத்தினார்கள். ஒன்றரைக் கோடிப் பேர் 'அப்புறம்?' என்று காத்திருக்கும்போது நிறுத்தினார்கள். இன்றைக்கு எந்த ப்ராடக்ட் மீட்டிங்கிலாவது போய் 'கேட்பவர் ஆர்வமாக இருக்கும்போது தானாக நின்றுவிடும் வசதி வைக்கலாம்' என்று சொல்லிப் பாருங்கள். உங்களை ஹெச்ஆர் ரூமுக்கு அனுப்புவார்கள்.

வாரநாள் முழுக்கப் பிடிக்கவில்லை என்றால் சனிக்கிழமை காலையில் ஐந்து எபிசோடையும் சேர்த்து ஒரே ஓட்டமாகப் போடுவார்கள். பிஞ்ச் வாட்சிங் அப்போதே இருந்தது. அதற்கும் ஒரு முடிவு நேரம் இருந்தது.

ராத்திரி 11 மணிக்கு 'எ புக் அட் பெட்டைம்', யாராவது ஒருத்தர் நாவலிலிருந்து கால் மணி நேரம் வாசிப்பார். கொஞ்சம் இசை. பன்னிரண்டுக்கு லைட் ப்ரோக்ராம் முடியும். அதற்கு மேல் அந்த அலைவரிசையில் இரைச்சல் மட்டும். எத்தனை வீட்டில் அதற்கு முன்பே தூங்கியிருப்பார்கள், எத்தனை பேர் தூக்கம் வராமல் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு கிடந்திருப்பார்கள் என்று யோசிப்பேன். தூக்கம் வராதவனுக்கு அந்த மௌனம் பெரிய கொடுமையாகவும் இருந்திருக்கும். அவன் கையில் நம்ம போனைக் கொடுத்திருந்தால் கும்பிட்டு வாங்கியிருப்பான். ஒரு மாசம் கழித்து அவனிடம் என்ன மார்க் போடுவாய் என்று சில்வியின் ஆட்கள் போய்க் கேட்டிருக்க வேண்டும், அந்தப் பதிலைத்தான் நான் படிக்க ஆசைப்படுகிறேன்.

பார்ட்டனின் ஒலிப்பதிவுகள் பெரும்பாலும் மிஞ்சவில்லை. கூன் ஷோவும், 1954-ல் தொடங்கிய 'ஹான்காக்ஸ் ஹாஃப் அவரும்' நிறையக் கிடைக்கின்றன. ஒன்றே ஒன்று கேட்பதென்றால் ஹான்காக்கில் 'சண்டே ஆஃப்டர்நூன் அட் ஹோம்' கேளுங்கள், 1958 ஏப்ரல் 22-ல் வந்தது. மழை பெய்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டில் சும்மா இருக்கிறவர்களுக்கு நேரமே போகவில்லை. எபிசோட் முழுக்க அதுதான் கதை, வேறு ஒன்றுமே நடக்காது. அரை மணி நேரம் தான். ஆட்டோபிளேயை ஆஃப் பண்ணிவிட்டு ஆரம்பியுங்கள், இல்லையென்றால் அடுத்த எபிசோட் 5, 4, 3 என்று எண்ண ஆரம்பித்துவிடும்.